டிஸ்பென்சரிக்காக இறக்கிய கை

இலங்கையில், கலஹாப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்து ஓய்வு பெற்றவள் நான். கூட்டத்தில் வாய் திறக்கக் கூச்சம்.

தேர்தலுக்கு முன் எங்கள் சங்கக் கூட்டத்துக்கு ஓட்டுக் கேட்டு வந்தவர், "நாங்க வந்தா எல்லாருக்கும் வைத்தியக் காப்புறுதி கார்டு. கண்டியில பெரிய ஆஸ்பத்திரியிலயே காட்டலாம். தோட்டத்துல இந்தப் பழைய டிஸ்பென்சரி எதுக்கு? மூடிடலாம். சம்மதம்னா கையைத் தூக்குங்க" என்றார். சங்கத் தலைவர் தூக்கினால் எல்லோரும் தூக்குவது எங்கள் வழக்கம். நானும் தூக்கினேன்.

பக்கத்து வீட்டு லெட்சுமி என் இடுப்பில் கிள்ளினாள். "என்னக்கா, ராத்திரி நெஞ்சு வலிச்சா கார்டுக்கு றெக்கை மொளைச்சு ஒங்களக் கண்டிக்குத் தூக்கிட்டுப் போகுமா?"

முன்பெல்லாம் மருந்துத் தண்ணீருக்கு வெறும் போத்தலோடு அந்த டிஸ்பென்சரியில் வரிசையில் நிற்போம். பேசிச் சிரித்தே பாதிக் காய்ச்சல் போய்விடும். மழையில் ரோடு உடைந்த நாளில் என் மகளைப் பிழைக்க வைத்ததும் அந்த இடம்தான்.

லெட்சுமியின் தோளைப் பிடித்துக்கொண்டு எழுந்தேன். "ஐயா, என் கையை எறக்கிக்கிறேன். கார்டும் குடுங்க, டிஸ்பென்சரியும் இருக்கட்டும்."

"அட, அக்காவே பேசிருச்சே!" என்று சிரித்த தலைவர் தன் கையையும் இறக்கினார். மற்றக் கைகளும் இறங்கின. வந்தவர் பேச்சை மாற்றிவிட்டார்.

இப்போதெல்லாம் யார் எதைத் தருகிறேன் என்றாலும், பதிலுக்கு எதை எடுத்துக்கொள்வீர்கள் என்று முதலில் கேட்கிறேன். குரல் இன்னும் நடுங்கத்தான் செய்கிறது.