ஏட்டுக்கு ஒரு பிரதி வேண்டும்

சங்கரன்கோவில் கோர்ட்டுக்கு எதிரே டீக்கடையில் நிற்கிறேன். அதிகாரிகளின் விருந்துக்காகப் போலீஸ்காரர்கள் ஆட்டுக்காரர்களிடம் ஓசியில் கிடா பிடிக்கிறார்கள் என்று என் பத்திரிகையில் எழுதினேன். அதற்குத்தான் வழக்கு. தோற்றால் ஜெயில்.

வழக்குப் போட்ட ஸ்டேஷனின் ஏட்டு பக்கத்தில் வந்து குழைகிறார்.

"அண்ணாச்சி, பறிமுதல் பண்ணுன உங்க பத்திரிகைப் பிரதி எல்லாத்தையும் அவசரத்துல எரிச்சுட்டோம். கோர்ட்டுல காட்ட ஒண்ணு வேணும். உங்ககிட்ட இருக்கா?"

என் பைக்குள் ஒன்று இருக்கிறது. சிரிப்பில் தலை கிறுகிறுக்கிறது.

"என்னை ஜெயிலுக்கு அனுப்ப நானே டிக்கெட் எடுத்துத் தரணுமா வே?"

கடைக்காரருக்கு ரோஷம் வந்துவிடுகிறது. "எரிச்சா போயிருமா? இங்கன தினமும் சத்தமா வாசிச்சோம்லா" என்று கட்டுரையை மனப்பாடமாக ஒப்பிக்கிறார். எழுதிய எனக்கே அவ்வளவு நினைவில்லை. நடுவில் தடுமாறுகிறார்.

"'கொம்பு மட்டும் திரும்பி வந்தது'ன்னு அடுத்த வரி" என்று ஏட்டு எடுத்துக் கொடுக்கிறார்.

கடையே சிரிக்கிறது. சிரித்த சிரிப்பில் என் வேட்டியெல்லாம் டீ.

"அப்போ கூண்டுல நீரே ஏறி ஒப்பிச்சிரும், ஏட்டையா" என்கிறார் கடைக்காரர்.

கோர்ட்டில் என் பெயரைக் கூப்பிடுகிறார்கள். சிரிப்பை அடக்க முடியாமல் படியேறுகிறேன். ஏட்டு வெறுங்கையோடு பின்னால் வருகிறார்.