ஏலன் பாறைக்கு நடந்து போன வழி

தை மாதம், ஆவாரம் பூத்துக் கிடந்த சமயத்தில் கணியம்பாடியிலிருந்து ஏலன் பாறைக்குக் கிளம்பினேன். எனக்கு அறுபத்திரண்டு வயது. போன காரணத்தை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். தும்பை என்ற பெண்ணிடம், என்னைக் கட்டிக்கொள்வாயா என்று கேட்கப் போனேன்.

தும்பை ஓரையர் குலத்தவள். ஆம்பூருக்கு அப்பால் மலைமேல் இருக்கும் ஜனங்கள் அவர்கள். ஆம்பூரில் நான் வேலை செய்த தோல் ஷாப்புக்கு, தோல் பதனிட ஆவாரம் பட்டை கட்டிக்கொண்டு வருவாள். அவளும் துணையை இழந்தவள், நானும் அப்படித்தான். முழங்கால் வலி தாங்காமல் வேலையை விட்டு கணியம்பாடியில் இருக்கும் மகன் வீட்டுக்குப் புறப்பட்ட அன்று அவளிடம் கேட்டேன். "தோல் நாத்தத்துல நின்னுக்கினு இன்னா கேள்வி இது? ஏலன் பாறைக்கு வந்து பாடிக் கேளு" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

ஓரையருக்குச் சாமி பாட்டும் காதல் பாட்டும் ஒன்றுதான். ஏலன் அவர்கள் தெய்வம். பாறைமுன் நின்று நாலு வரி பாட வேண்டும். பாடி முடித்ததும் எல்லோரும் மூச்சடக்கி நிற்பார்கள். அந்த அமைதியில் ஏலன் வந்து, கேட்கப்பட்டவர் வாயால் பதில் பாடுவாராம்; அமைதியைக் கலைக்கும் முதல் சத்தம்தான் அவர் பதில். பதில் வந்தால் கல்யாணம். வராவிட்டால் அவ்வளவுதான், ஒருவரிடம் ஆயுளில் ஒரு தடவைதான் பாடலாம்.

வேலூர் வரை மாட்டு வண்டி, காட்பாடிக்கு பஸ், அங்கிருந்து காலை ரயில். மூன்றாம் வகுப்பு ஆறணா. இடப்பக்க ஜன்னலோரம் உட்காருங்கள், பாலாற்று மணல் வெள்ளையாகக் கூடவே வரும். முன்பெல்லாம் தோல் வாசனையை வைத்துத்தான் ஆம்பூரில் இறங்குவேன். இந்தத் தடவை பலகையைப் பார்த்து 'ஆம்பூர்' என்று சத்தமாகப் படித்தேன். மருமகள் போன வருஷம்தான் எனக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்தாள். பக்கத்திலிருந்தவர், "தெரியுது பெரியவரே, எறங்குங்க" என்றார்.

ஸ்டேஷன் வாசலில் என் பழைய சினேகிதர் காதர் பாய் ஜட்காவோடு நின்றார். பாட்டு என்றால் உயிரை விடுவார். அடிவாரம் ஏழு மைல். மற்றவர்களிடம் எட்டணா வாங்குவார். என்னிடம் வாங்கவில்லை. "ஒன் கல்யாணத்துல பிரியாணி போடு, போதும்" என்றார்.

அடிவாரத்திலிருந்து நாலு மைல் ஏற்றம். பாட்டைக் கேட்க வேண்டுமென்று பாயும் ஜட்காவைக் கட்டிப்போட்டுவிட்டுக் கூட வந்தார். "டோலி வெச்சுக்கலாம் தோஸ்த், முட்டி பேஜார் பண்ணுதே" என்றார் பாய்.

"பாட்டே நடந்த வழியைப் பத்தித்தான் பாய். டோலியில போய்ப் பாடுனா பொய்யாப் போயிடும்."

இரண்டாம் மைலில் ஒரு ஊற்று இருக்கிறது. தண்ணீர் நன்றாக இருக்கும். அதற்குமேல் நிழல் கம்மி, மஞ்சள் பூதான் ஜாஸ்தி. பத்தடிக்கு ஒரு தடவை நின்றேன். பாய் முணுமுணுக்காமல் கூடவே நின்றார்.

உச்சியில் முப்பது பேர் இருந்தார்கள். பாறையைக் காக்கும் கொம்பன் என்பவர் என் முழங்காலைத் தொட்டுப் பார்த்து, "நடந்துதான் வந்திருக்கீரு, பாடலாம்" என்றார். தும்பை கூட்டத்தில் நின்றாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. பாடினேன்.

உன் வாசலில் வந்து நிற்கிறேன்,
கையில் ஒன்றும் இல்லை.
நடந்த வழியைக் கொண்டுவந்தேன்,
வாங்கிக்கொள்வாயா?

அமைதி. தும்பை வாய் திறக்கவில்லை. அப்போது என் பின்னாலிருந்து காதர் பாய் தொடையில் தட்டி, "வாரே வா!" என்றார்.

எனக்கு உயிரே போய்விட்டது. எல்லோரும் அவரைத் திரும்பிப் பார்த்தார்கள். கொம்பன் தாடையைச் சொறிந்தபடி, "மொத சத்தம் யாருதோ அவருதான் பதில் சொன்னவரு. பெரியவரே, ஒங்களுக்கு ஏலன் குடுத்த ஜோடி இவருதான்" என்றார்.

"அல்லா! எனக்கு வீட்ல ஒருத்தி இருக்கா. அவளே ஜாஸ்தி!" என்று பாய் கையெடுத்துக் கும்பிட்டார். மலையே சிரித்தது. நான் மட்டும் சிரிக்கவில்லை. இனி ஒரு தடவை பாட முடியாதே.

தும்பையும் சிரிக்கவில்லை. கூட்டத்தை விலக்கிக்கொண்டு விறுவிறுவென்று வந்தாள். "நான் கொஞ்சம் யோசிக்கிறதுக்குள்ள இந்த தாடிக்காரரு வாங்கிக்கினு போறதா? நடந்து வந்தது எனக்கு. தள்ளுய்யா!" என்று பாயை ஓரமாகத் தள்ளிவிட்டு, என் எதிரே நின்று பாடினாள்.

வந்த வழி என்னிடம் இருக்கட்டும்.
திரும்பிப் போக
உனக்கு வழி இல்லை.

கொம்பன் பாறையைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். "ஏலன் ரெண்டாவது வாட்டி வந்திருக்காரு. நாம இன்னா பண்றது" என்றார். பாய் மறுபடி "வாரே வா" சொல்ல வாயெடுத்து, தானே கையால் பொத்திக்கொண்டார்.

போக நினைப்பவர்களுக்குச் சில வார்த்தை. தை, மாசி நல்ல காலம். ஊற்றில் குடத்தை நிரப்பிக்கொள்ளுங்கள். பாட்டு முடியும் சமயத்தில் வாய் நிறைய வெற்றிலை போட்டுக்கொள்வது உத்தமம். பாட்டுப் பிரியர்களைக் கூட்டிப்போனால் அவர்களுக்கு இரண்டு மடங்கு போடுங்கள். கேட்க வேண்டியது ஏதாவது மனதில் இருந்தால், முட்டி வலித்தாலும் நடந்தே ஏறுங்கள்.

இறங்கும் வழி எப்படி, எவ்வளவு நேரமாகும் என்று கேட்டால் எனக்குத் தெரியாது. இதை நானே எழுதி, பட்டைக் கட்டோடு ஆம்பூருக்குக் கொடுத்தனுப்புகிறேன். நான் இன்னும் இறங்கவில்லை.