தாழ்வுபாட்டு றேஸ்காரர்

அருள்நாயகியின் வீட்டுச் சுவரில் திரு இருதயப் படத்துக்குப் பக்கத்தில் இன்னொரு படம் தொங்குகிறது. வெள்ளை உடுப்பு, கையில் ஹெல்மெட், பின்னால் ஒரு பந்தயக் கார். படத்தில் இருப்பவர் அவருடைய தமையன் மகன் லோறன்ஸ். ஐந்து வயதில் பெற்றோருடன் ஜேர்மனிக்குப் போனவர்.

தகப்பன் அங்கே உணவகத்தில் கோப்பை கழுவினார். மகனுக்கு எங்கேயோ தேடி, சிறுவர் பந்தயம் ஓடும் பழைய கார்ட் வண்டி ஒன்று வாங்கிக் கொடுத்தார். பதின்மூன்று வயதில் லோறன்ஸ் முதல் கிண்ணத்தை வென்றார். இருபதில் ஒற்றை இருக்கைப் பந்தயக் கார். மழை பெய்தால் இவரைப் பிடிக்க முடியாது என்று ஒரு ஜேர்மன் பத்திரிகை எழுதியது. அனுசரணை தந்த கம்பனி விலகியதும் அவருடைய இடத்தில் ஒரு பணக்காரப் பையன் வந்து உட்கார்ந்தான். அதற்குப் பிறகு சின்னப் பந்தயங்கள், ரயர் சோதிக்கும் வேலை. முப்பத்தொரு வயதில் சுவரில் மோதி இடுப்பு உடைந்தது. எழும்பி நடந்தபோது கிடைத்தது பார்சல் விநியோகம்தான்.

மன்னார்க் கரையில் இருக்கும் தாழ்வுபாட்டுக்கு இதில் பாதிதான் வந்து சேர்ந்தது. ஊர் அறிந்தது சுவர்ப் படத்தில் இருந்த ஆளை.

தகப்பன் இறந்த பிறகு, போன வருடம், லோறன்ஸ் மாமியிடம் வந்து தங்கினார். கடைக்கும் கோயிலுக்கும் நடந்தே போனார். மாமியின் மகன் வலன்ரைன் மோட்டார் சைக்கிளில் கடக்கும்போதெல்லாம், "றேஸ்காரர் நடந்து வாறார், வழி விடுங்கோ" என்று கத்துவார். லோறன்ஸ் சிரிப்பார். இடப்பக்கமாக ஓடும் இந்த நாட்டு வீதியில் தான் ஒருநாளும் வாகனம் ஓடியதில்லை என்பதை அவர் யாருக்கும் சொல்லவில்லை.

ஒரு காலை படகுகள் கரைக்கு வந்தபோது வலன்ரைனைத் தூக்கித்தான் இறக்கினார்கள். தொடையில் திருக்கை மீனின் முள் ஏறியிருந்தது. வலி பொறுக்காமல் அவரே அதைப் பிடுங்கிவிட்டார். இரத்தம் நிற்கவில்லை.

மீன் ஏற்றும் வான் வண்டியின் சாரதி யாகப்பர் ஏற்கெனவே எஞ்சினை உயிர்ப்பித்திருந்தார். கூட்டம் அவரை இறங்கச் சொன்னது, ஜேர்மன்காரர் வானை ஓடட்டும் என்றது. இந்த நேரத்தில் வீதியில் கழுதைகள் நிற்கும், பார்த்துத்தான் போகவேண்டும் என்று யாகப்பர் சொன்னார். யாரும் காது கொடுக்கவில்லை.

அருள்நாயகி லோறன்ஸின் கையைப் பிடித்தார். "என்ர பிள்ளையை ஆஸ்பத்திரியில கொண்டுபோய்ச் சேர்த்துவிடு, தம்பி. உன்னை மாதிரி ஆர் ஓடுவினம்?"

லோறன்ஸ் யாகப்பரைப் பார்த்தார். பிறகு ஏறினார்.

பின்னால், யாகப்பரின் மடியில் தலைவைத்துக் கிடந்த வலன்ரைன் வாயைச் சும்மா வைத்திருக்கவில்லை. "மச்சான், இந்த றேஸில வெண்டா கப் எனக்குத்தான்."

ஒரு வளைவில் கழுதை ஒன்று வீதியைக் கடந்தது. மன்னாரில் ஓடிப் பழகியவர்கள் அந்த இடத்தில் நிறுத்துவார்கள். தாய் போனால் குட்டி பின்னால் வரும். லோறன்ஸ் இடைவெளியைத்தான் கண்டார். வேகத்தைக் குறைக்கவில்லை. குட்டி பாய்ந்தபோது அவருடைய கை தானாக வலப்பக்கம் திருப்பியது. ஜேர்மனியில் அது வீதியின் ஓரம். இங்கே அந்தப் பக்கத்தால் எதிரே தண்ணீர் பவுசர் லொறி வந்துகொண்டிருந்தது.

யாகப்பருக்குத் தோள் முறிந்தது. லோறன்ஸுக்கு நெற்றியில் கீறல். வேறு வாகனம் வருமுன் வலன்ரைனின் இரத்தம் எல்லாம் போய்விட்டது.

செத்த வீட்டில் எல்லோரும் கழுதைகளைத் திட்டினார்கள். வேறு யாரும் ஓடியிருந்தால் மூன்று பேரும் முடிந்திருப்பார்கள், றேஸ்காரர் என்றபடியால் இரண்டு உயிர் தப்பியது என்றார்கள். கையைத் துணியில் கட்டித் தொங்கப் போட்டிருந்த யாகப்பர் நிலத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

லோறன்ஸ் பெட்டிக்குப் பக்கத்தில் போய் நின்றார். "மாமி, நான் பிழையான பக்கம் திருப்பினனான். இஞ்ச நான் ஒருநாளும் ஓடினதில்லை."

அருள்நாயகி மகனின் முகத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "வானில ஏற முதல் அதைச் சொல்லியிருக்கலாம்."

விபத்து வழக்கு முடியும்வரை லோறன்ஸ் நாட்டைவிட்டுப் போக முடியாது. அதே வீட்டில்தான் இருக்கிறார். மாமி சோறு போடுகிறார், அதிகம் பேசுவதில்லை. வலன்ரைனை அடக்கம் செய்துவிட்டுச் சேமக்காலையிலிருந்து திரும்பிய அன்று லோறன்ஸ் கதிரையை இழுத்துப் போட்டு, தன் படத்தைக் கழற்ற ஏறினார்.

"கழட்டாதை" என்றார் மாமி. "அது அங்கயே கிடக்கட்டும். நீயும் பார், நானும் பாக்கிறன்."