செடிக்கும் ஒரு செக் ஷீட்

என் அக்கா புருஷன் ரூபேந்திரனுக்கு ஓர் இடத்தில் உட்காரத் தெரியாது. செனாயில் ஒரு தொழிற்சாலையில் முப்பத்தோரு வருஷம் மெஷின் பார்த்த மனுஷன். இரண்டு மணிக்கொரு தடவை சூட்டைப் பார்த்து, செக் ஷீட்டில் எழுதி, கையெழுத்துப் போட வேண்டும். அந்தப் பழக்கம் எலும்பில் ஏறிவிட்டது. கல்யாண வீட்டில்கூடப் பாதிச் சாப்பாட்டில் எழுந்து, காரைப் பூட்டினோமா என்று பார்க்கப் போவார்.

பிப்ரவரியில் குணவதி அக்கா போய்விட்டாள். ஒரு வாரமாக “நெஞ்ச அடைக்குதுங்க” என்று சொல்லிக்கொண்டிருந்தாள். “காத்தா இருக்கும், இஞ்சித் தண்ணி குடி” என்று சொல்லிவிட்டு இவர் ஓவர்டைம் பார்க்கப் போனார். அதற்காக இவரை நான் மன்னிக்கவில்லை. பொய் சொல்வானேன்?

கருமாதி முடிந்த மறுநாள் அக்காவின் ஆபீசிலிருந்து ஒரு பெட்டி வந்தது. ஒரு கப், ஒரு ஸ்வெட்டர், ஒரு ஸ்னேக் பிளான்ட். ஒன்பது வருஷமாக ஏசி அறையில், வெயிலே படாமல் அவள் மேசையில் நின்ற செடி. ஞாபகம் வந்தால் மாதத்துக்கு ஒரு தடவை தண்ணீர் ஊற்றுவாளாம். அதற்கே இலையெல்லாம் கத்தி மாதிரி நிமிர்ந்து நின்றன. பிள்ளை குட்டி இல்லாத வீடு. அவளுடையது என்று உயிரோடு மிஞ்சியது அது ஒன்றுதான். “இத சாக விடமாட்டேன்” என்று மாமா எல்லார் முன்னாலும் சொன்னார். வேலையையும் விட்டுவிட்டார்.

போன சனிக்கிழமை மீன் குழம்போடு போனேன். கதவைத் திறந்ததும் ஏதோ அழுகிய நாற்றம். ஃப்ரிட்ஜில் ஒரு செக் ஷீட் ஒட்டியிருந்தது. நேரம், இடம், தண்ணீர், கையெழுத்து. எட்டு மணி, பத்து மணி, பன்னிரண்டு மணி. ஒரு கட்டம்கூட விடவில்லை. செடி மஞ்சளாகிச் சரிந்து கிடந்தது. அடியைத் தொட்டால் கூழ்.

“அலமாக்! என்னா மாமா பண்ணி வச்சிருக்கீங்க? இது தண்ணி கேக்குற செடியா லா?”

“ரெண்டு மணிக்கொரு தடவ கொஞ்சூண்டு, அவ்ளோதான்மா. வெயில் பத்தலையோன்னு ஜன்னல்கிட்ட வச்சேன். ரொம்ப சூடோன்னு ஹாலுக்குக் கொண்டாந்தேன்.” பேசிக்கொண்டே எழுந்து தொட்டியைத் திருப்பினார்.

“தொடாதீங்க!” என்று கத்திவிட்டேன்.

கை அப்படியே நின்றது. “அவ சொன்னப்ப நான் பாக்கல. இத பாத்துக்கிட்டேதான்மா இருந்தேன். இதுவும் போவுது.”

மூன்று மாதமாக இவரைத் திட்ட எத்தனையோ சேர்த்து வைத்திருந்தேன். பாழாய்ப்போன அழுகைதான் வந்தது.

ஓர் இலையின் மேல்பாதி மட்டும் கெட்டியாக இருந்தது. அதை வெட்டி மேசைமேல் வைத்தேன்.

“வெட்டுன எடம் காயட்டும். அடுத்த வாரம் நான் வந்து மணல்ல நடுறேன். வேர் விட ரெண்டு மாசம் ஆவும். தண்ணி ஊத்தக் கூடாது, புடுங்கிப் பாக்கக் கூடாது. சும்மா விடணும்.”

“ரெண்டு மாசமா?” உட்கார்ந்தார், எழுந்தார், மறுபடி உட்கார்ந்தார். “அது வரைக்கும் நான் என்னம்மா பண்றது?”

“கெளம்புங்க. கோத்தா திங்கிக்கு, எங்க வீட்டுக்கு வாங்க.”

சட்டை மாற்ற உள்ளே போனவர் இரண்டு தடவை திரும்பி வந்து இலையைப் பார்த்தார். மூன்றாவது தடவை வந்தபோது கையைப் பிடித்துக் காருக்குக் கூட்டிப்போனேன்.