ஒரே சிப்பில் இரண்டு கார்டுகள்

தொண்ணூறுகளின் கடைசியில் நான் சென்னைக்கும் திருநெல்வேலிக்கும் இடையே கம்ப்யூட்டர் சாமான் சுமந்துகொண்டிருந்தேன். ஒன்பதாம் வகுப்போடு சாத்தான்குளத்தைவிட்டு ஓடியவன். பம்பாயில் டீ கிளாஸ் கழுவினேன். தூத்துக்குடியில் உப்பு வாரினேன். கால் புண் ஆறவில்லை என்பதால் அதை விட்டேன். ரிச்சி தெருவில் மூட்டை இறக்கப் போன இடத்தில், பொருளைத் தொலைக்காமல் கொண்டுசேர்ப்பவன் என்று ஒரு பெயர் கிடைத்தது. வாரம் ஒருமுறை பஸ்ஸில் வருவேன். பெட்டி மடியில்தான் இருக்கும். காலடியில் வைத்தால் குலுக்கலில் போய்விடும்.

பாளையங்கோட்டையில் நான் தங்குகிற இடம் ஒரு சிறிய கம்ப்யூட்டர் சென்டர். அதை நடத்தியவர் மில்லில் ஆள் குறைத்தபோது வெளியே வந்தவர். அவரை அண்ணாச்சி என்றும் அவர் மனைவியை மதினி என்றும் கூப்பிடுவேன். மூன்று கம்ப்யூட்டர்களில் இரண்டு பழையவை, சும்மா ஓடிக்கொண்டிருப்பவை. நல்லது ஒன்றுதான். பகல் முழுக்க மதினி அதில் கல்யாணப் பத்திரிகையும் கோயில் கொடை நோட்டீசும் கல்லூரிப் பிள்ளைகளின் ரிப்போர்ட்டும் டைப் செய்வார். பொழுது சாய்ந்ததும் அதே நாற்காலியில் பையன்கள் உட்கார்ந்து கார் ரேஸ் ஆடுவார்கள். ஒருவன் ஆட, நாலு பேர் பின்னால் நின்று வழி சொல்வார்கள்.

அந்தக் கோடையில் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஏசி போட்ட ஒரு சென்டர் வந்தது. எல்லாம் புதுக் கம்ப்யூட்டர்கள். எங்கள் பையன்கள் ஒவ்வொருவராக அங்கே நகர்ந்தார்கள். போகும்போது ஒருவன் சொல்லிவிட்டுப் போனான்: “அண்ணாச்சி, இங்கன நாங்க காரை ஓட்டல, தள்ளிக்கிட்டுப் போறோம்.” எல்லாரும் சிரித்தார்கள். அண்ணாச்சியும் சிரித்தார்.

புதுக் கம்ப்யூட்டர் வாங்க வழியில்லை. ஒரு நல்ல கிராபிக்ஸ் கார்டு மட்டும் வாங்கி அதை ஓவர்கிளாக் செய்துவிடலாம் என்று அவர் முடிவு செய்தார். கம்பெனி வைத்த வேகத்துக்கு மேலே சிப்பை ஓடவைப்பதுதான் ஓவர்கிளாக். சூடு ஏறும், சில நேரம் கார்டே செத்துப்போகும். ஒத்துவந்தால் அடுத்த வருஷம் வரப்போகிற கார்டின் வேகம் இந்த வருஷமே கிடைக்கும். கம்ப்யூட்டர் பத்திரிகைகளோடு வருகிற சிடிகளில் இருந்து இதையெல்லாம் அவர் தானாகத் தெரிந்துகொண்டார்.

சென்னைக் கடையில் எனக்கு இரண்டு கார்டுகளைக் காட்டினார்கள். வேறு வேறு கம்பெனி. ஆனால் நடுவில் இருக்கும் சிப் ஒன்றே. மெமரியும் ஒரே அளவு. பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. எஸ்டிடி பூத்தில் இருந்து அண்ணாச்சிக்குப் பேசினேன். அவருக்கும் போனில் சொல்லத் தெரியவில்லை. கடைக்காரர் என்னை நம்பி இரண்டையும் கொடுத்தார். ஒன்றை வைத்துக்கொள்ளலாம், மற்றது அடுத்த வாரம் வாரண்டி ஸ்டிக்கர் கிழியாமல் திரும்பி வர வேண்டும்.

இங்கே மதினியின் கண்ணைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். சின்ன வயதில் இருந்தே தடித்த கண்ணாடி. இரண்டு வருஷத்துக்கு முன்னால் இடது கண்ணில் விழித்திரை பிய்ந்து பார்வை போய்விட்டது. வலது கண்ணிலும் திரை மெலிந்திருக்கிறது என்றார் டாக்டர். கனம் தூக்க வேண்டாம் என்றார். டைப் செய்யக் கூடாது என்று அவர் சொல்லவில்லை. ஆனால் அண்ணாச்சி மனதில், அந்தத் திரையைத் தேய்ப்பது கம்ப்யூட்டர்தான் என்று விழுந்துவிட்டது. மதினி மானிட்டருக்கு முன்னால் குனியும்போதெல்லாம் அவர் முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

முதல் கார்டைப் போட்டோம். கேபினெட்டின் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றி, டேபிள் ஃபேனை அதற்கு நேராக வைத்தோம். வேகத்தைக் கூட்டுவதற்கு ஒரு சின்ன புரோகிராம். திரையில் ஒரு கோட்டை வலப்பக்கம் இழுக்க வேண்டும், அவ்வளவுதான். கொஞ்சம் இழுப்பார், ரேஸை ஓடவிடுவார், கார்டின் முதுகைத் தொட்டுப் பார்ப்பார். தொட்ட விரலை உடனே எடுப்பார். ஆனால் படம் உடையவில்லை. தள்ளிக்கொண்டு போவதாகப் பையன் சொன்ன கார் இப்போது பறந்தது.

“ஏலே, இது காளை,” என்றார். “இன்னும் இழுக்கும்.”

மறுநாள் பகலில் அதே கார்டில் மதினி டைப் செய்தார். மூக்கு மானிட்டரைத் தொடுகிற மாதிரி இருந்தது. மதியத்துக்குள் ஈரத்துணியை நெற்றியில் போட்டுக்கொண்டு சாய்ந்துவிட்டார். ஏற்கெனவே தலைவலிக்காரர் என்பதால் நாங்கள் ஒன்றும் யோசிக்கவில்லை.

சாயங்காலம் இரண்டாவது கார்டு. அது ஏமாற்றியது. கோட்டைச் சற்று நகர்த்தியதுமே திரை முழுக்க வெள்ளைப் புள்ளிகள் சிதறின. இன்னும் கொஞ்சம் நகர்த்தினால் அப்படியே நின்றுவிட்டது. அதன் மெமரி அவ்வளவுதான் தாங்கும் என்றார் அண்ணாச்சி. காலையில் கழற்றிக்கொள்ளலாம் என்று அப்படியே விட்டுவிட்டோம். காலையில் நாங்கள் இருவரும் ஜங்ஷனில் வேறு ஒருவருக்குச் சாமான் கொடுக்கப் போய், திரும்பி வரப் பொழுதாகிவிட்டது. அதுவரை மதினி நாற்காலியைவிட்டு எழுந்திருக்கவே இல்லை போலிருந்தது. முதுகு நிமிர்ந்து, மானிட்டரில் இருந்து ஒரு முழம் தள்ளி உட்கார்ந்திருந்தார்.

“நேத்து கண்ணுக்கு முன்னால ஈரச் சேலையக் கட்டிவிட்ட மாதிரி இருந்துச்சு,” என்றார். “இன்னைக்கு என்னத்த மாத்துனிய?”

பிறகுதான் இரண்டையும் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தோம். விளையாட்டில் எங்களுக்குத் தெரியாதது எழுத்தில் தெரிந்தது. வேகமான கார்டில் ஒவ்வொரு எழுத்துக்கும் பக்கத்தில் மெல்லிய நிழல் விழுந்தது, எழுத்தின் சுழிகள் அடைபட்டுப்போயின. வேகமில்லாத கார்டில் எழுத்துகள் அச்சடித்த மாதிரி நின்றன. சிப் ஒன்றுதான், மானிட்டருக்குப் படத்தை அனுப்புகிற இடத்தில் அந்தக் கம்பெனிக்காரன் என்னத்தையோ மலிவாகப் போட்டிருக்கிறான் என்றார் அண்ணாச்சி. எழுத்தைப் பெரிதாக்கிப் பார்த்தோம். பக்கம் முழுதும் திரைக்குள் அடங்கவில்லை. பழைய கம்ப்யூட்டர்களில் இந்தக் கார்டு உட்காரும் இடமே கிடையாது. இரண்டில் ஒன்று போகத்தான் வேண்டும்.

“மொதக் கார்டுதான். முடிச்சாச்சு,” என்றார் அண்ணாச்சி.

“அதுல எனக்கு எழுத்து தெரியலன்னு சொல்லுதேன்லா.”

“நீ பாக்க வேண்டாங்கதுக்குத்தான் அந்தக் கார்டே. சாயங்காலக் கூட்டம் திரும்பி வந்துட்டா நீ டைப் அடிக்க வேண்டாம், ளா. அந்த ஒரு கண்ணாவது நிக்கும்.”

இதற்காகத்தான் அவர் இந்த இரண்டு நாளும் கோட்டை இழுத்துக்கொண்டிருந்தார் என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது. மதினிக்கும் அப்போதுதான் புரிந்திருக்க வேண்டும்.

“டாக்டர் அப்படிச் சொல்லலியே. நீங்களும்தான கூட இருந்திய.”

“அவரு என்னத்தச் சொன்னாரு? ஒண்ணும் சொல்ல முடியாதுன்னாரு.”

“அதத்தான் நானும் சொல்லுதேன். போறதுன்னா சும்மா இருந்தாலும் போவும். சும்மா இருந்து போச்சுன்னா, என்னத்துக்கு இத்தன நாள் சும்மா இருந்தோம்னு ஆயிரும். இருக்க வரைக்கும் தெளிவாப் பாத்துக்கிடுதேன்.”

அண்ணாச்சி என்னைப் பார்த்தார். அவர் ஸ்விட்சை அணைத்து, ஸ்க்ரூவைக் கழற்றி, வேகமான கார்டை எடுத்துக் கவரில் போட்டார். மற்றதைப் பொருத்தித் தகட்டையும் மூடினார். டேபிள் ஃபேனை மதினியின் பக்கம் திருப்பி வைத்துவிட்டுக் கொக்கிரகுளம் படித்துறைக்குக் குளிக்கப் போனார். நானும் போனேன். கோடையில் ஆறு ஒரு ஓரமாகத்தான் ஓடியது. இடுப்பளவு தண்ணீரில் நின்றுகொண்டு அவர் சொன்னது ஒன்றுதான்:

“அவளுக்குப் பயம் இல்ல, லே. எனக்குத்தான்.”

கார்டைத் திருப்பிக் கொடுத்தபோது என்ன கோளாறு என்று கடைக்காரர் கேட்டார். கோளாறு ஒன்றும் இல்லை என்றேன். பையன்கள் திரும்பி வரவில்லை. பழைய கம்ப்யூட்டர்களில் ஒன்றை அண்ணாச்சி விற்றார். நானும் அதன்பிறகு சாமான் சுமப்பதை விட்டுப் புன்னக்காயலில் படகுகளுக்கு ஐஸ் ஏற்றப் போய்விட்டேன்.

மறு வருஷம் கார்த்திகையில் பாளையங்கோட்டைப் பக்கம் போனேன். ஐப்பசி மழையில் ஒரு நாள் காலை, தலை வாரிக்கொண்டிருந்தபோதே, மதினியின் வலது கண்ணும் போய்விட்டிருந்தது. மதுரைக்குக் கொண்டுபோய் ஆபரேஷன் செய்தும் வெளிச்சம் மட்டும்தான் தெரிந்தது. இதை அண்ணாச்சி வாசலிலேயே என்னிடம் சொல்லிவிட்டு உள்ளே கூட்டிப்போனார்.

மதினி அதே நாற்காலியில் உட்கார்ந்து டைப் செய்துகொண்டிருந்தார். டைப்ரைட்டிங் ஹையர் முடித்தவர். விரலுக்குக் கண் வேண்டாம். அண்ணாச்சி பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார். கையெழுத்துத் தாளைப் பார்த்து வரி வரியாகச் சொல்வார். மதினி அடித்ததும், திரையில் வந்ததை எழுத்து எழுத்தாகப் படித்துக் காட்டுவார். முக்கூடலில் ஒரு கல்யாணம். மாப்பிள்ளை வீட்டாரின் பெயர்கள் நீளமாகப் போய்க்கொண்டிருந்தன. ஒரு வரியை அண்ணாச்சி தாவிவிட்டார்.

“பைய வாசிங்க,” என்றார் மதினி. “சித்தப்பா பேரு விட்டுப்போச்சுன்னா பந்தல்லயே சண்டை வந்துரும்.”

அண்ணாச்சி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, அந்த வரியை முதலில் இருந்து படித்தார்.