அக்காவைப் பெண் பார்த்த ஹோட்டல்

மேசைமேல் மூன்று காகிதத் துண்டுகள் கிடந்தன. தோட்டத்து வெள்ளைக்காரத் துரை படித்துப் போட்ட ஆங்கிலச் செய்தித்தாள்களைக் கேட்டு வாங்கி, அப்பா கத்தரித்து வைத்திருந்த ஹோட்டல் விளம்பரங்கள் அவை. லாயாங் லாயாங்கை அடுத்த ரப்பர்த் தோட்டத்தில் அப்பா பெரிய கிராணி; ஆபீசின் எழுத்து வேலையெல்லாம் அவர் கையில்தான் இருந்தது. ஒரு முடிவை எடுத்தால் மாற்றாத மனிதர், அந்த மாதம் முழுக்க நிலைகொள்ளாமல் தவித்தார். பாதிச் சாப்பாட்டில் எழுந்துபோய்த் துண்டுகளை இடம் மாற்றி வைத்துவிட்டு வருவார். மறுநாள் மறுபடி மாற்றுவார். அவரைப் பார்த்துப் பார்த்து எனக்கும் அந்தப் பரபரப்பு ஒட்டிக்கொண்டது.

காரணம் அக்கா. ஈப்போவில் வாத்தியாராக இருந்த மாப்பிள்ளையின் வீட்டார் ஒரு கல்யாணத்துக்காகச் சிங்கப்பூர் வருவதாகவும், அங்கேயே பெண்ணைப் பார்த்துவிடலாம் என்றும் தரகர் எழுதியிருந்தார். அக்காவுக்கு இருபத்திரண்டு வயது. அதற்குமுன் இரண்டு இடம் வீடுவரை வந்து தட்டிப்போயிருந்தது. ரப்பர் உலர்த்தும் புகைக்கூடத்துக்குப் பக்கத்தில் எங்கள் வீடு. அந்த வாடைதான் வந்தவர்களைத் துரத்திவிட்டது என்பது அப்பாவின் முடிவு. அம்மா இருந்திருந்தால் வேறு ஏதாவது சொல்லியிருப்பார். அம்மா போனபின் வீட்டை நடத்தியவள் அக்கா. அவள் கல்யாணத்தைப் பற்றி அவளிடம் யோசனை கேட்க யாருக்கும் தோன்றவில்லை.

சிராங்கூன் சாலையில் அப்பாவுக்குத் தெரிந்தவர் நடத்திய விடுதியும் ஒன்று இருந்தது. அறை சிறியது, பின்னால் சமையற்கட்டு உண்டு. அக்கா ஒரே ஒரு முறை வாய் திறந்தாள். "அங்க அடுப்பு இருக்குல்லப்பா. அது போதும்பா."

"அலமாக்! அவ்ளோ பெரிய ஊருக்குப் போயும் அடுப்பாக்கா?" என்று நான் சிரித்தேன். எனக்குப் பதினாறு வயது. மின்விசிறி, லிப்ட், மாலையில் பேண்டு வாத்தியம் என்று போட்டிருந்த கடலோர ஹோட்டலின் படத்தில் விரலை வைத்தேன். அப்பாவின் முகம் தெளிந்துவிட்டது. "சின்னது சொல்றதுதான் சரி. பாக்கிறவங்களுக்கு எடுப்பா இருக்கணும்" என்றார். அந்த விரலை நினைத்தால் இன்றும் எனக்கு என்மேல் எரிச்சல் வருகிறது.

ஹோட்டல் அறையில் அக்கா உட்காரவே இல்லை. ஜன்னலுக்கும் கதவுக்குமாக நடந்தாள். காப்பித்தூளும் டம்ளர்களும் வீட்டிலிருந்தே கட்டிக்கொண்டு வந்திருந்தாள். வெந்நீர் எங்கே கிடைக்கும் என்று அவள் கேட்க, எல்லாம் ஹோட்டல்காரர்களே கொண்டுவருவார்கள் என்று அப்பா பெருமையோடு சொன்னார்.

கொண்டுவரவும் செய்தார்கள். கீழே கூடத்தில் மாப்பிள்ளை வீட்டார் வந்து உட்கார்ந்ததும், வெள்ளை உடுப்புப் போட்ட வயதான சீனப் பணியாள் தேநீர்த் தட்டோடு வந்தார். அக்கா எழுந்துபோய்த் தட்டைப் பிடித்தாள். அவர் விடவில்லை. "தா போலே, மிஸ்ஸி" என்று பணிவாகத்தான் சொன்னார். கூடாது என்கிறார். அவர்மேல் தப்பில்லை, அது அவர் வேலை. அக்கா அப்பாவைப் பார்த்தாள்.

"உக்காரும்மா. இங்கல்லாம் பொம்பளைங்க தட்டுத் தூக்க மாட்டாங்க" என்றார் அப்பா.

அக்கா உட்கார்ந்தாள். பெண் கொண்டுவந்து கொடுக்காத தேநீரை என்ன செய்வதென்று தெரியாமல் மாப்பிள்ளையின் தாயார் கோப்பையை அப்படியே வைத்துவிட்டார். நாற்காலி உறை அழுக்காகிவிடும் என்று பயந்தவர்போல மாப்பிள்ளை அதன் நுனியிலேயே இருந்தார். கால் மணி நேரத்தில் கிளம்பிவிட்டார்கள். அன்று மாலை பேண்டு வாசித்தபோது நாங்கள் மூவரும் அறையைவிட்டு இறங்கவில்லை.

மாப்பிள்ளை வீட்டார் சொன்னதைச் சில நாள் கழித்துத் தரகர் வந்து சொன்னார். "பொண்ண எங்கங்க பாத்தோம்? ஹோட்டலைத்தானே பாத்துட்டு வந்தோம். அந்தப் பவுசுக்கு நாங்க ஆளில்லைங்க."

அக்கா என்னைத் திட்டவில்லை. திட்டிவிட்டால் தேவலை என்றிருந்தது எனக்கு. அவளுக்கு முன்னால் போய் நின்று வம்புக்கு இழுத்துக்கூடப் பார்த்தேன். அவள் தன் வேலையைப் பார்த்தாள். அதன்பின் அவளுக்கு வேறு இடமும் வரவில்லை.

இப்போது என் மகன் சிங்கப்பூர் போகும்போதெல்லாம் எந்த ஹோட்டல் எடுப்பாக இருக்கும் என்று கேட்கிறான். அவனுக்கு அது விளையாட்டு. என்னால் அந்த இடத்தில் உட்கார முடிவதில்லை, ஏதாவது வேலை இருப்பதாகச் சொல்லி எழுந்துவிடுகிறேன்.

அந்த ஹோட்டலுக்குப் போய்வந்து மூன்று வருடம் கழித்து என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். மூத்தவள் இருக்கும்போது வேண்டாம் என்று அப்பா மறுக்க, அக்காதான் பிடிவாதமாக வரச் சொன்னாள். புகைக்கூடத்துக்குப் பக்கத்தில் அதே வீட்டுக்குத்தான் வந்தார்கள். அக்கா காப்பி கலந்து தட்டை என் கையில் வைத்தாள். "ஒவ்வொருத்தருக்கும் நீயே குடு. யாரு உக்காரச் சொன்னாலும் உக்காராத." குரலில் கோபமே இல்லை.

மாமியாராக வரப்போகிறவர் ஒரு வாய் குடித்துவிட்டு நிமிர்ந்தார். "நல்லாருக்கே. நீ போட்டதாம்மா?"

ஆமாம் என்றேன். அடுக்களையில் நின்ற அக்காவுக்கு அது கேட்டிருக்கும்.