தண்ணியில் இருந்தவரின் மனைவி

சென்ற செவ்வாய்க்கிழமை ஆரம்பாக்கத்தில் பேருந்துக்காக நின்றிருந்தபோது என் அப்பா, எங்கள் பேச்சில் நைனா, தொலைபேசியில் அழைத்தார். “அத்த பூட்டாங்க” என்றார். “எங்க?” என்று கேட்டேன். பின்னால் ஒப்பாரி கேட்டது. அப்போதுதான் புரிந்தது.

நைனாவின் அக்கா கன்னியம்மாள் அவர்கள் சுண்ணாம்புக்குளத்தில் மீன் விற்றவர். அவரை அறியாதவர்களுக்காக ஒன்றை மட்டும் சொல்கிறேன். அறிந்தவர்களும் இதைத்தான் சொல்வார்கள்.

நான் ஒன்பதாம் வகுப்பில் இருந்தபோது அவருடைய கணவர் ஏழுமலை மாமா, கடல்நீர் வந்துபோகும் எங்கள் ஏரியில் இறந்தார். காலையிலிருந்து மார்பளவு நீரில் நின்று வலைக்குக் கம்பு நட்டுக்கொண்டிருந்தவரை நீரோட்டம் இழுத்துப்போனது. விபத்துக் காப்பீடு இருந்தது. விசாரிக்க வந்தவரிடம் அத்தை, “காலைலேர்ந்து அவரு தண்ணிலதான் சார் இருந்தாரு” என்று சொன்னார்.

சில வாரங்களில் கடிதம் வந்தது. நான்தான் படித்துக் காட்டினேன். ‘இறந்தவர் காலை முதல் மது அருந்திய நிலையில் இருந்ததாக மனைவியே தெரிவித்துள்ளதால் கோரிக்கை நிராகரிக்கப்படுகிறது.’

நீரில் நின்றவரைச் சாராயத்தில் நிறுத்திவிட்டார்கள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “காப்பும் இல்ல, ஈடும் இல்ல அத்த” என்றேன்.

“இன்னாடி சிரிப்பு? பீடிகூடத் தொடாத மனுசன். நானே சொன்னேன்னு எழுதிக்கிறான்.”

மேல்முறையீடுகளை அவர் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். பிரேதப் பரிசோதனையில் மது இல்லை என்றே இருந்தது. மனைவியின் வாக்குமூலமே போதும் என்று நிறுவனம் பதில் அனுப்பியது. அத்தை விடவில்லை. ஒவ்வொரு மனுவையும் மூன்று முறை படிக்கச் சொல்வார். “வேற அர்த்தம் எதுனா வருதா பாரு” என்பார்.

கடைசியில் சென்னையில் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளர் முன்னால் நேர் விசாரணை. நானும் உடன் போனேன். நிறுவன அதிகாரி பணிவாகத்தான் பேசினார். “கருணை அடிப்படையில தொகையக் குடுத்துடறோம்மா. கையெழுத்துப் போடுங்க.”

“குடிச்சாருன்னு எழுதனத அடிச்சிட்டீங்களா?”

“அது ஃபைல்ல கிடக்கும். யாரும் பாக்க மாட்டாங்க.”

“நா பாத்துட்டனே சார்.”

அத்தை பேனாவைத் தொடவில்லை. விசாரணை நடத்தியவர் சங்கடப்பட்டு, “அம்மாவுக்குத் தண்ணி குடுங்க” என்றார். அத்தை டம்ளரை வாங்கிக்கொண்டு அதிகாரியைப் பார்த்தார். “நானும் தண்ணி போட்டேன்னு எழுதிக்குவீங்களா?”

அறையே சிரித்தது. அத்தை சிரிக்கவில்லை. “எங்கூர்ல தண்ணில இருந்தாருன்னா தொழில்ல இருந்தாருன்னு அர்த்தம் சார்” என்றார்.

திருத்திய கடிதம் வந்தது: ‘ஏரி நீரில் தொழில் செய்துகொண்டிருந்தபோது நேர்ந்த விபத்து.’ கூடையோடு போன வீடுகளிலெல்லாம் அதைக் காட்டினார். தொகை எவ்வளவு என்று கேட்டவர்களுக்கு மட்டும் பதில் சொல்லவில்லை.

அத்தையின் அஞ்சலிப் பதாகைக்கு வாசகம் எழுதும் வேலை எனக்கு வந்தது. அச்சுக்கடைக்காரர் வழக்கம்போல ‘அமரர் ஏழுமலையின் மனைவி’ என்று போட்டிருந்தார். மாமாவின் பெயருக்கு முன்னால் ‘ஏரியில் தொழில் செய்தபோது மறைந்த’ என்று சேர்க்கச் சொன்னேன்.

“எடம் பத்தாதும்மா. கீழ இத்தினி பேரு கீறீங்களே.”

“என் பேர எடுத்துடுங்கண்ணா.”

பதாகை இப்போது படகுத்துறையில் நிற்கிறது. காற்றடித்தால் ஓரங்கள் மடங்குகின்றன. அந்த வரி நடுவில் இருப்பதால் மடங்குவதில்லை. நிம்மதியாகப் போங்கள், அத்தை.